காது தெரிய வேண்டும்

அட்டை இல்லாத புத்தகம்.
முதல் பதினாறு பக்கத்தையும் கறையான் வாசித்து முடித்துவிட்டது.
எழுதியவன் பெயர், ஊர்,
எந்த மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது,
எல்லாம் அதன் வயிற்றில்.
கிளிநொச்சியில், நூலகம் கழித்துப்போட்ட குவியலில்
இருபது ரூபாவுக்கு எடுத்தேன்.

பதினேழாம் பக்கத்தில் பனி கொட்டுகிறது.
ஒருவன் செத்துப்போன குதிரைக்கு நட்டஈடு கேட்டுக்
கந்தோர் கந்தோராய் ஏறி இறங்குகிறான்.
அறுபதாம் பக்கத்தில் கந்தோரே எரிகிறது.
குதிரை மட்டும்
ஒவ்வொரு அத்தியாயத்திலும் செத்தபடி கிடக்கிறது.

அறிவியல்நகர் விடுதி,
மண் மாதிரிகள் காயும் மேசை,
யன்னலில் செம்புழுதியை அப்பும் ஆடிக் காற்று.
உள்ளே எனக்குப் பனி.

நெத்மி மகியங்கனைக்காரி.
கன்ரீனில் பழகிய தமிழில் கேட்டாள்:
"உந்தப் புத்தகத்தில ஒருத்தரும் சிரிக்க மாட்டினமா?"
நூற்றுப் பன்னிரண்டில் ஒருவன் சிரித்தான், என்றேன்.
நூற்றுப் பதின்மூன்றில் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

தன் நாட்டை அவன் திட்டுகிற திட்டு!
சோம்பேறிகள் நாங்கள் என்கிறான்,
அண்ணனை விற்றுத் தொப்பி வாங்குவோம் என்கிறான்,
எங்களைச் செய்து முடித்த கடவுளுக்குக்
கைகழுவத் தண்ணீர் கிடைக்கவில்லையாம்.
நாங்கள். எங்கள். எங்களுக்கு.
அத்தனை வசவிலும் ஒருமுறைகூட
"அவர்கள்" வரவில்லை.
பென்சிலால் கோடு போட்டேன்.
இப்படித் திட்டுவதற்கு ஒரு நாடு வேணும்.

நான் எதைத் திட்ட?
அட்டை தந்ததைத் திட்டத் தொடங்கினால்
குரல் தானாய்த் தணிகிறது,
கை போய் யன்னலைச் சாத்துகிறது.
தருவதாய்ச் சொல்லித் தராமற் போனதைத் திட்டினாலோ
ஊரில் எதிர்வீட்டில்
மகன் படத்துக்குப் பூ வைக்கிறவவுக்குக் கேட்டுவிடும்.
இரண்டுக்கும் "எங்கட" போட்டுப் பார்த்தேன், நாக்கு இடறியது.
"அவையின்ர" போட்டாலும் இடறியது.

போன மாதம் என் அடையாள அட்டையை
அம்மா உடுப்போடு தோய்த்துவிட்டா.
ஓரத்தால் நுரை புகுந்து
முகம் கரைந்து
இலக்கம் மட்டும் மிச்சம்.
அவனுக்குக் கறையான்.
எனக்குச் சன்லைற்.

பரந்தன் சந்தி ஸ்ரூடியோவில் சொன்னான்:
"காது ரெண்டும் தெரியவேணும். சிரிக்கப்படாது."
சிரமமாய் இருக்கவில்லை.
குதிரையை நினைத்துக்கொண்டேன்.

பிறப்புப் பதிவேடு எரிந்துபோனதால்
என்னிடம் இருப்பது உத்தேச வயதுச் சான்றிதழ்.
உத்தேசமாய்ப் பிறந்தவள்.
பெயர் மட்டும் திட்டவட்டம்: எழில்குழலி.
பிள்ளைகளுக்கெல்லாம் தனித்தமிழ்ப் பெயர் தேடிய காலத்தில்
அப்பா ரெண்டு ழகரம் வரப் பார்த்து வைத்தது.
எழுதுவினைஞர் அதைச் சிங்களத்தில் ஏற்றினார்.
அங்கே ழகரம் இல்லை.
எலில்குலலி.

"எலியாய்ப் போனன்" என்று
இரவு சொல்லிச் சிரித்தேன்.
நெத்மி சிரிக்கவில்லை.
"எளிய எண்டா எங்களுக்கு வெளிச்சம்."
கொஞ்சம் யோசித்தாள்.
"குலலி எண்டா ஒண்டுமில்ல."

அவனும் வெளிச்சத்தைப் பற்றி ஓரிடத்தில் எழுதியிருக்கிறான்,
இருட்டு மூச்சு வாங்குகிற நேரமென்று.
அவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

கடைசிப் பக்கம் நல்லகாலம் தப்பியிருக்கிறது.
குதிரைக்குக் காசு வருகிறது.
ரசீதில் அவன் பெயர் பிழை.
பார்க்கிறான். தொப்பியைக் கழற்றுகிறான்.
பிழையான பெயரிலேயே ஒப்பம் வைத்துவிட்டுப்
பனிக்குள் நடக்கிறான்.

புத்தகத்தை மடக்கென்று மூடினேன்.
"விசரா!
திருத்தச் சொல்லியிருக்கலாமெல்லே?"

நெத்மி திடுக்கிட்டு எழும்பி
யாரைத் திட்டுகிறாய் என்றாள்.
எங்கட ஆள் ஒருத்தனை, என்றேன்.
குரல் தணிந்திருக்கவில்லை.
யன்னலும்
திறந்துதான் கிடந்தது.